ஒன்பது விநாடிகளின் விலை

காற்றை விலைக்கு வாங்கும் காலம் வரும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. டெல்லியைப் பொறுத்தவரை அது வந்து சில வருடங்களாகிவிட்டன. நவம்பர் பிறந்தால் கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்கு முன்னால் உட்காரும் வீடுகள் எங்கள் குடியிருப்பிலேயே பல. ஆனால் காற்றில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தை அதைவிட அதிக விலைக்கு விற்க முடியும் என்பது எனக்குப் புதிய செய்தி. அதைச் சொன்னவள் என் அக்கா மகள்.

அவளுக்கு வயது 21. ஐந்தாயிரம் மீட்டரும் பத்தாயிரம் மீட்டரும் ஓடுகிறாள். டெல்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கல்லூரியில் படிக்கிறாள், காலை நாலரை மணிக்கு ஸ்டேடியத்துக்குப் போகிறாள், மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறாள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் முதல் மூவரில் ஒருத்தியாக வந்துவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலைக்கு முயற்சி செய்யலாம் என்பது அவள் கணக்கு. அப்பா இல்லாத வீட்டில் அது சின்னக் கணக்கு அல்ல. ஐந்தாயிரம் மீட்டரில் அவள் நாலாவதாக வந்தாள். மூன்றாவதாக வந்தவளுக்கும் இவளுக்கும் ஒன்பது விநாடி இடைவெளி.

இந்த ஒன்பது விநாடியை விலைக்கு வாங்கலாம் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். கட்டிலின்மேல் கொசுவலையைப் போலக் கவிழ்த்து ஜிப் போட்டு மூடும் ஒரு பிளாஸ்டிக் கூடாரம். பக்கத்தில் சின்ன பிரிட்ஜ் அளவில் ஓர் இயந்திரம். அது ஆக்ஸிஜன் குறைந்த காற்றைக் குழாய் வழியாக உள்ளே அனுப்பும். ராத்திரி அதற்குள் படுத்தால், உடம்பு இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயர மலையில் தூங்குவதாக நினைத்துக்கொள்ளுமாம். காலையில் எழுந்து சமவெளியில் ஓடலாம். விலை மூன்று லட்சத்துக்குமேல். அக்கா வளையல்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

நான் டாக்டர் இல்லை. ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கட்டுரைகளைத் தேடிப் பிடித்துப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். "மாமா, நீங்க படிச்சுப் பாத்துச் சொல்லுங்க. வாங்கலாம்னா வாங்கறேன், வேண்டாம்னா விட்டுடறேன்" என்றாள். ஒரு மாதம் படித்தேன். படித்தவற்றில் கொஞ்சம் வாசகர்களுக்கும் பயன்படலாம். ஏனென்றால், இந்தக் கேள்வி இப்போது எங்கள் வீட்டோடு நிற்பதில்லை. புனே, பெங்களூர், ஹைதராபாத் என்று மாரத்தான் ஓடாத ஊர் இல்லை என்றாகிவிட்டது.

கதை 1968-ல் மெக்ஸிகோ சிட்டியில் ஆரம்பிக்கிறது. அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய நம் ஊட்டியின் உயரம். அங்கே நடந்த ஒலிம்பிக்கில் 1,500 மீட்டரிலிருந்து மாரத்தான்வரை ஆண்களின் தங்கப் பதக்கங்கள் அனைத்தையும் ஆப்பிரிக்க வீரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். கென்யாவின் கிப் கெய்னோவும் நாப்தாலி டெமுவும், எத்தியோப்பியாவின் மாமோ வோல்டேயும் மலைநாட்டுக்காரர்கள். பத்தாயிரம் மீட்டரில் உலக சாதனையைக் கையில் வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். வெற்றி பெற்ற டெமுவின் நேரமும் 29 நிமிடம் 27 விநாடிதான். கிளார்க்கின் சாதனையைவிட ஒன்றே முக்கால் நிமிடம் மந்தம். மலைக்காற்று எல்லோரையும் மெதுவாக்கியது. அதற்குப் பழகியவர்களைக் குறைவாக மெதுவாக்கியது. அப்படியானால் மலையில் பழகிவிட்டுக் கீழே வந்து ஓடினால் என்ன ஆகும்? பயிற்சியாளர்களை அன்றிலிருந்து பிடித்து ஆட்டும் கேள்வி இது.

உடம்பு செய்வது என்ன என்பதில் சந்தேகம் இல்லை. உயரத்தில் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு குறைவதில்லை. எங்கும் அது 20.9 சதவிகிதம்தான். குறைவது அழுத்தம். 2,500 மீட்டரில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். சிறுநீரகம் இதைக் கவனித்து எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜை அதைக் கேட்டுக் கூடுதல் சிவப்பணுக்களைச் செய்கிறது. சிவப்பணு கூடினால் தசைக்குப் போய்ச் சேரும் ஆக்ஸிஜன் கூடும். உயிரணுக்கள் ஆக்ஸிஜன் குறைவதை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்ததற்காகத்தான் கெய்லின், ராட்கிளிஃப், செமென்ஸா என்ற மூவருக்கு 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கூடாரம் அழுத்தத்தைக் குறைப்பதில்லை. ஆக்ஸிஜனின் பங்கை 20.9-லிருந்து பதினைந்தரை சதவிகிதம் அளவுக்கு இறக்கிவிடுகிறது. சிறுநீரகத்தை ஏமாற்ற அது போதும்.

ஆனால் மலையில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் வேகமாக ஓட முடியாது. ரத்தம் பலமாகும்போதே கால்கள் வேகத்தை மறக்கும். இதற்கு வழி தேடியவர்கள் பெஞ்சமின் லெவின், ஜேம்ஸ் ஸ்ட்ரே-குண்டர்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள். 39 ஓட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு உயரத்தில் தங்கி உயரத்திலேயே பயிற்சி செய்தது. இன்னொன்று சமவெளியிலேயே இருந்தது. மூன்றாவது குழு யூட்டா மாநிலத்தில் 2,500 மீட்டர் உயரத்தில் தங்கி, பயிற்சிக்கு 1,250 மீட்டருக்கு இறங்கி வந்தது. நாலு வாரம். 1997-ல் வெளியான முடிவு இதுதான்: உயரத்தில் தங்கிய இரண்டு குழுக்களுக்கும் சிவப்பணு அளவு 9 சதவிகிதம் கூடியது. ஆனால் சமவெளிக்கு வந்து ஐந்தாயிரம் மீட்டர் ஓடியபோது நேரம் குறைந்தது மூன்றாவது குழுவுக்கு மட்டுமே. சராசரியாக 13.4 விநாடி.

இந்த எண்ணைப் படித்தபோது எனக்கே நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தது. எங்களுக்கு வேண்டியது ஒன்பது. இவர்கள் தருவது பதின்மூன்று. பதினேழு நிமிடத்தில் ஐந்தாயிரம் மீட்டர் ஓடும் பெண்ணுக்கு 13 விநாடி என்றால் அறுபது மீட்டருக்கும் மேல்.

விற்பவர்கள் காட்டும் எண்ணும் இதுதான். ஆனால் அந்தக் குழு எதிலும் கூடாரம் இல்லை. அவர்கள் நிஜமான மலையில், நாளில் பெரும்பகுதி நேரத்தைக் கழித்தவர்கள். பயிற்சிக்கு மட்டும் இறங்கி வந்தவர்கள். மலைக்குக் கிடைத்த சான்றிதழைக் கூடாரத்தின்மேல் ஒட்டுவது சரியா என்பதுதான் கேள்வி.

செயற்கை உயரத்தை விளையாட்டு வீரர்கள் குடியிருக்கும் வீடாகக் கட்டியவர்கள் பின்லாந்துக்காரர்கள். பனிச்சறுக்கில் உலகப் புகழ். ஆனால் சொல்லிக்கொள்ளும்படி மலை இல்லாத நாடு. 1990-களின் தொடக்கத்தில் அங்கே நைட்ரஜன் கலந்து ஆக்ஸிஜனைக் குறைத்த வீடுகள் வந்தன. வீரர்கள் அதிலேயே குடியிருந்தார்கள். வீடு அறையாகி, அறை கூடாரமாகி, வீட்டுக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது. சுருங்கியது இடம் மட்டும் அல்ல, நேரமும். வீட்டில் பதினாறு மணி நேரம் இருக்கலாம். கூடாரத்துக்குள் எட்டு மணி நேரம் படுப்பதே பெரிய காரியம்.

இந்த நேரக் கணக்கு முக்கியமானது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டோபர் கோர் குழுவினர் ஒரு மதிப்பீட்டைச் சொன்னார்கள். தகுந்த உயரத்தில் கழிக்கும் ஒவ்வொரு நூறு மணி நேரத்துக்கும் உடம்பின் மொத்த ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.1 சதவிகிதம் கூடும். மலையில் நாலு வாரம் இரவும் பகலும் இருந்தால் 672 மணி நேரம். கூடாரத்தில் தினம் எட்டு மணி என்றால் 224. மலைக்கு ஏழு சதவிகிதம், கூடாரத்துக்கு இரண்டரை. அந்த இரண்டரையும் காகிதத்தில்தான். 1999-ல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு. வீரர்களை 3,000 மீட்டருக்கு இணையான அறையில் இரவுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வீதம் 23 இரவுகள் தூங்கவைத்தார்கள். மொத்த ஹீமோகுளோபின் கூடவில்லை. தினம் பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல், மூன்று வாரமாவது உள்ளே இருந்தால்தான் பலன் எதிர்பார்க்கலாம் என்று இத்துறையினர் சொல்வது இதனால்தான். கல்லூரிக்குப் போய், டியூஷனும் எடுக்கும் பெண் பன்னிரண்டு மணி நேரம் கூடாரத்துக்குள் எப்படி இருப்பாள்?

இன்னொரு சிக்கல் மனம். மலையில் இருப்பவனுக்குத் தான் மலையில் இருப்பது தெரியும். லட்சக்கணக்கில் பணம் கொடுத்துக் கூடாரம் வாங்கியவளுக்கு அது பலன் தரும் என்ற நம்பிக்கை இருக்கும். நம்பிக்கையே சில விநாடிகளைக் குறைத்துவிடலாம். மருந்துகளைச் சோதிக்கும்போது சர்க்கரை மாத்திரையோடு ஒப்பிடுவது இதற்காகத்தான். மலையை அப்படி ஒளிக்க முடியாது, அறையை ஒளிக்கலாம். 2012-ல் ஸீபென்மன் என்பவரும் சகாக்களும் அதைச் செய்தார்கள். நல்ல பயிற்சியுள்ள 16 பேர். பத்துப் பேருக்கு 3,000 மீட்டருக்கு இணையான காற்று, ஆறு பேருக்குச் சாதாரணக் காற்று. தினம் 16 மணி நேரம், நாலு வாரம். யாருக்கு எது என்பது வீரர்களுக்கும் தெரியாது, அளப்பவர்களுக்கும் தெரியாது. முடிவில் ஹீமோகுளோபினிலும் திறனிலும் இரு குழுக்களுக்கிடையே வித்தியாசம் தென்படவில்லை. எண்ணிக்கை குறைவு, அவர்களின் ஹீமோகுளோபின் முதலிலேயே உச்சத்தில் இருந்தது என்று விமர்சனங்கள் வந்தன. இரண்டும் நியாயமானவை. ஆனாலும் மூன்று லட்சம் கொடுக்கப்போகிறவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா இல்லையா?

ஆளுக்கு ஆள் பலன் மாறுகிறது என்பதும் உண்மை. 1997 ஆய்வை நடத்தியவர்களே அடுத்த வருடம் தங்கள் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். சிலருக்கு ஹார்மோன் நன்றாகச் சுரந்து நேரம் குறைந்திருந்தது. வேறு சிலருக்கு ஒன்றும் நடக்கவில்லை. யார் எந்த ரகம் என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். திபெத்தியர்களைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக உயரத்தில் வாழ்ந்தும் அவர்களுடைய ஹீமோகுளோபின், அதே உயரத்துக்குப் போகும் சமவெளிக்காரர்களைவிடக் குறைவாகவே இருக்கிறது. அவர்களின் மரபணு வேறு வழியில் பழகிக்கொண்டுவிட்டது. உயரம் மட்டுமே ஓட்டக்காரர்களை உண்டாக்கும் என்றால், 3,500 மீட்டரில் இருக்கும் லே நகரம் நமக்கு எத்தனையோ ஒலிம்பிக் பதக்கங்களைத் தந்திருக்க வேண்டும்.

கூடாரம் வேண்டாம் என்று இதை வைத்தே சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுடைய ரத்தத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. காரணம், படித்த கட்டுரைகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. சிறுநீரகம் எவ்வளவு கத்தினாலும், உடம்பில் இரும்புச்சத்து இல்லாவிட்டால் மஜ்ஜையால் சிவப்பணு செய்ய முடியாது. யூட்டாவில் ஓடியவர்கள் எல்லோருக்கும் இரும்புச்சத்து கொடுத்திருந்தார்கள். விளம்பரத்தில் இந்த வரி இல்லை.

பரிசோதனை முடிவு வந்தது. ஹீமோகுளோபின் 10.9. உடம்பில் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஒற்றை இலக்கத்தில் இருந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "இதோட எப்படிம்மா ஓடறே?" என்று கேட்டார். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு அது இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெண் அந்தப் பெரும்பான்மையில் ஒருத்தி. தினம் பதினைந்து கிலோமீட்டர் ஓடுவதும் மாதவிலக்கும் சேர்ந்து, இருந்த கொஞ்சத்தையும் கரைத்திருக்கின்றன.

இப்போது கணக்கைப் பாருங்கள். நன்றாக வேலை செய்தால் கூடாரம் தரக்கூடியது இரண்டு மூன்று சதவிகிதம். 10.9 என்பது 12.5 ஆனால் கிட்டத்தட்ட பதினைந்து சதவிகிதம். கூடாரத்தின் விலை லட்சங்களில். மாத்திரையின் விலை ரூபாய்களில். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்ற வெள்ளிக் குடம் வாங்கும் கதைதான் நடக்கவிருந்தது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடையில் தாமாக இரும்பு மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். இரும்பு கூடினாலும் கெடுதல். பரிசோதனையும் டாக்டரும் அவசியம்.

டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டார்: "எத்தனை மணி நேரம் தூங்கறே?" ஆறு மணி நேரம் என்றாள். தூங்கியபடியே திறனைக் கூட்டும் சாதனத்துக்கு மூன்று லட்சம் செலவழிக்க நினைத்த வீட்டில், தூக்கத்தை யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. கூடாரத்தில் படுத்தவர்கள் புழுக்கம், ஈரம், இயந்திரச் சத்தம் என்று புகார் சொல்வது உண்டு. டெல்லியின் ஜூன் மாதத்தில், இரண்டு அறை வீட்டில், மின்வெட்டில் இயந்திரம் நின்று, விட்ட மூச்சே உள்ளே தங்கும் கூடாரத்தில் தூக்கம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இருக்கும் ஆறு மணி நேரமும் போயிருக்கும்.

இது நியாயமா என்ற கேள்வியும் உண்டு. இதே ஹார்மோனை ஊசியாகப் போட்டுக்கொண்டால் ஊக்கமருந்துக் குற்றம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மாரத்தான் தங்கம் வென்ற கென்யாவின் ஜெமிமா சும்காங் அடுத்த வருடம் அந்தச் சோதனையில்தான் சிக்கினார். மலையில் பிறந்தவரும் ஊசியைத் தேடியிருக்கிறார். கூடாரத்தையும் தடை செய்யலாமா என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2006-ல் யோசித்தது. விளையாட்டின் உணர்வுக்கு இது விரோதம் என்று அதன் நெறிமுறைக் குழு கருதியது. ஆனாலும் செப்டம்பரில் முகமை தடை வேண்டாம் என்று விட்டுவிட்டது. அது சரி என்றே எனக்குப் படுகிறது. இட்டன் ஊரில் 2,400 மீட்டரில் பிறந்த குழந்தைக்கு இலவசமாகக் கிடைத்ததை, சமவெளிக் குழந்தை தேடிப் போவது ஏமாற்று ஆகாது. உடம்பு தானாகச் சுரப்பதற்கும், வெளியிலிருந்து ஏற்றுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. என் ஆட்சேபம் வேறு. பணம் உள்ளவன் கடைசி ஒரு சதவிகிதத்தை வாங்கட்டும். இல்லாதவள் முதல் பதினைந்து சதவிகிதத்தைப் பெறாமலே அந்த ஒரு சதவிகிதத்துக்காகக் கடன்படக் கூடாது.

விநாடிகள் அற்பம் என்று நான் சொல்ல வரவில்லை. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி.உஷா விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்ததை இந்த நாடு இன்னும் மறக்கவில்லை. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் அவினாஷ் சாப்ளே ஸ்டீபிள்சேஸில் 8 நிமிடம் 11.20 விநாடியில் வெள்ளி வென்றபோது, தங்கத்துக்கும் அவருக்கும் இடையில் இருந்தது 0.05 விநாடி. அந்த உச்சியில் இருப்பவர்களுக்கு எல்லாவற்றையும் முயன்று பார்க்க நியாயம் உண்டு. அவர்களைக் கவனிக்க டாக்டர்களும் இருக்கிறார்கள்.

அவர்களும் பெரும்பாலும் மலைக்குத்தான் போகிறார்கள். சாப்ளே பயிற்சி செய்தது அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில். லலிதா பாபரும் சுதா சிங்கும் ஜெய்ஷாவும் ஓடிப் பழகிய இடங்களில் ஊட்டி முக்கியமானது. 2016 ரியோவில் லலிதா ஸ்டீபிள்சேஸ் இறுதிச் சுற்றுக்குப் போனார். உஷாவுக்குப் பிறகு ஒலிம்பிக் தடகளத்தின் ஓடுபாதைப் போட்டியொன்றில் இறுதியை எட்டிய முதல் இந்தியப் பெண். இமாசலத்தில் ஷிலாருவில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் உயர்மலைப் பயிற்சி மையமே இருக்கிறது. பின்லாந்துக்காரன் மலை இல்லாததால் வீட்டை மலையாக்கினான். இமயத்தையும் நீலகிரியையும் வைத்துக்கொண்டு நாம் கட்டிலின்மேல் பிளாஸ்டிக்கைக் கவிழ்ப்பானேன்?

நாலு மாத சிகிச்சைக்குப் பிறகு அவள் ஹீமோகுளோபின் 12.7. டியூஷனை வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டாள். ஒன்பது மணிக்குப் படுக்கிறாள். வீட்டில் அந்த நேரத்துக்கு டி.வி. அணைந்துவிடுகிறது. இந்த வருடப் போட்டியில் ஐந்தாயிரம் மீட்டர் நேரம் 12 விநாடி குறைந்தது. இரும்பால் குறைந்ததா, தூக்கத்தால் குறைந்ததா, ஒரு வருடப் பயிற்சியாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே ஒரு பெண்ணை வைத்து ஆராய்ச்சி செய்ய முடியாது என்பதும் நான் படித்துக் கற்றதுதான். பதக்கம் கிடைக்கவில்லை. மற்றவர்களும் வேகமாகிவிட்டார்கள், ஐந்தாவது இடம்.

அவளுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. வரும் மே மாதம் நாலு வாரம் மலையில் தங்கத் திட்டம் போட்டிருக்கிறோம். ரயில் டிக்கெட், ஓர் அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்தாலும் கூடாரத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான். புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பு ஃபெரிட்டினை மறுபடி பார்க்க வேண்டும் என்று காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள். அங்கே மெதுவாக ஓடினால் போதும், நன்றாகத் தூங்கு என்று சொல்லியிருக்கிறேன்.